எட்டாவது சிவப்புச் சீட்டு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷத்தில் நம்மில் ஒருவர் துண்டித்துவிடுகிறோம். கடிதத்தில் அந்த வசதி இல்லை. சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

பேப்பரில் உன் படத்தைப் பார்த்தேன். ‘குடிப்பழக்கத்துக்குக் காரணமான மரபணு: பெண் விஞ்ஞானி கண்டுபிடிப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். லாரி ஷெட்டில் ஆளுக்கு ஆள் வாங்கிப் படித்தார்கள். பாப்பா அதை வெட்டி ஆபீஸ் சுவரில் ஒட்டிவிட்டாள். பாப்பா என்றதும் நீ பழைய சின்னப்பிள்ளையை நினைத்துக்கொள்ளாதே. எந்த லாரி எந்த லோடோடு எங்கே நிற்கிறது என்று இப்போது என்னைவிட என் மகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். எனக்கும் பெருமைதான் அக்கா. இல்லை என்றால் பொய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நம் வண்டி ஒன்று பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியது. டிரைவர் குடித்திருந்தான். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கிளீனர், ஐம்பது வயது மனுஷன், அவருக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

என்னிடம் நாற்பது டிரைவர்கள். இவர்களில் யார் நாளைக்குக் குடிப்பான் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்று பேப்பர்காரன் சொல்கிறான். அந்தச் சோதனையை எங்களுக்குச் செய்து கொடு. எச்சிலோ ரத்தமோ, கேட்டதை அனுப்புகிறேன். அப்பா இந்த லாரிகளை ஆரம்பித்தார், அப்பாவே குடித்து அழித்தார். பத்தொன்பது வயதில் காலேஜை விட்டுவிட்டு வந்து நான் எடுத்துக் கட்டினேன். அந்த மாதிரி இன்னொரு ஆள் என் ஸ்டியரிங்கில் உட்காரக் கூடாது.

உன் தம்பி

ஜனவரி 19

அன்புத் தம்பிக்கு,

முதலில் கிளீனர். எங்கள் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்த மருத்துவமனையில் செயற்கைக் கால் பொருத்துகிற பிரிவு இருக்கிறது. பொறுப்பாளரிடம் பேசிவிட்டேன். புண் ஆறியதும் அவரை அனுப்பு. தங்க இடம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்தது அந்தத் தலைப்பு. அதை எழுதிய ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாடம் எடுத்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். போய், நான் எதை இல்லை என்றேனோ அதையே எழுதிவிட்டார். குடிக்க வைக்கிற மரபணு என்று தனியாக ஒன்று கிடையாதுடா. ஆயிரக்கணக்கான இடங்களில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கின்றன. ஒருவருக்கு முதல் வாயிலேயே குமட்டும். இன்னொருவருக்கு நாலாவது டம்ளரிலும் தலை சுற்றாது. ஒருவருக்கு அது சொர்க்கம், பக்கத்தில் இருப்பவருக்கு ‘இதுக்கா இவ்வளவு ஆட்டம்’ என்று இருக்கும். அந்த இடங்களில் சிலவற்றைத்தான் எங்கள் குழு கண்டுபிடித்திருக்கிறது. ஒவ்வொன்றும் கடுகளவு. எல்லாவற்றையும் கூட்டினால் பெரிய கூட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லலாம். ஒரு ஆளை நிறுத்தி வைத்து, நீ குடிகாரன் ஆவாய் என்று சொல்ல என்னால் மட்டுமல்ல, யாராலும் முடியாது.

ஒரு மலைப்பாதையில் வருஷத்துக்கு எத்தனை வண்டி கவிழ்கிறது என்று உனக்குத் தெரியும். அதில் இன்று ஏறுகிற வண்டிகளில் எது கவிழும் என்று சொல்வாயா? அவ்வளவுதான் என் நிலைமையும்.

நாளைக்குக் குடிப்பவனை விடு. இன்று குடித்தவனைக் காட்டுகிற ஊதுகருவி கடையிலேயே கிடைக்கிறது. வாங்கி ஷெட் வாசலில் வை. இன்னொன்று, சுவரில் மோதிய அந்த டிரைவர் அதற்கு முன் எவ்வளவு நேரம் தூங்காமல் ஓட்டினான் என்று நீ எழுதவே இல்லையே?

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நீ முடியாது என்றதை முடியும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தனியார் ஆய்வகம். அவர்கள் விளம்பரத் தாளிலேயே உன் பெயர் இருக்கிறது. உன் ஆராய்ச்சியை வைத்து உருவாக்கிய சோதனையாம். நம் வீட்டுச் சரக்கை நான் வெளியில் விலைக்கு வாங்க வேண்டியதாகிவிட்டது.

உடம்புப் பரிசோதனை என்று சொல்லி எல்லா டிரைவர்களையும் குழாயில் துப்பச் சொன்னேன். துப்பினார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சிக்னல் மாதிரி சீட்டு வந்தது. எனக்குப் புரிகிற பாஷை. ஏழு பேருக்குச் சிவப்பு. ஏழு பேரிடமும் அவரவர் சீட்டைக் கொடுத்து, வண்டியிலிருந்து இறக்கி, ஷெட் வேலையில் போட்டேன்.

அதில் ஒருவன் நெட்டை. உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பாவிடம் கிளீனராகச் சேர்ந்தவன். அப்பா விழுந்து கிடந்த இடத்திலிருந்தெல்லாம் ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவனுமாகத்தான் தூக்கிக்கொண்டு வருவோம். அவன் குடித்து நான் பார்த்ததில்லை. சீட்டைப் படித்துவிட்டுச் சாவியை மேஜையில் வைத்தான்.

“நான் எப்ப முதலாளி குடிச்சேன்?” என்றான்.

“குடிக்கலை. ஆனா குடிப்பேன்னு இதுல போட்டிருக்கு” என்றேன்.

சொல்லும்போதே அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் கிளீனர் மனைவி நின்ற நிற்பு கண்ணிலேயே இருக்கிறது. ஒன்றுக்கு ஏழு பேரை இறக்கினாலும் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது.

நீ கோபப்படுவாய். படு. அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ படிக்கிற ஊரிலிருந்து வந்தாய், ரெண்டு நாள் இருந்தாய், ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். குழாயில் இருந்த அப்பா உனக்கு, வாந்தி எடுத்த அப்பா எனக்கு. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

தம்பி

பிப்ரவரி 27

தம்பிக்கு,

இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. இதிலும் கோபம் இருக்கும்.

நான் அப்பாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன். எதற்கு என்று சொன்னேன், இதனால் அவருக்கு ஒரு பலனும் கிடைக்காது என்றும் சொன்னேன். அவரே கையை நீட்டினார். “எடுத்துக்கோம்மா. என்னால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லேன்னு உங்கம்மா சொல்லிக்கிட்டே இருக்கா. இதாவது ஆகட்டும்” என்றார். நீ அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாய். மருந்துக்குப் போனது, மூத்திரப்பை மாற்றியது, கடன்காரர்களுக்குப் பதில் சொன்னது எல்லாம் நீதான். அதை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. ஆனால் நீ உன் டிரைவர்களிடம் உடம்புப் பரிசோதனை என்று பொய் சொல்லி எச்சிலை வாங்கியிருக்கிறாய். எங்கள் தொழிலில் இதைச் செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தச் சீட்டின் லட்சணத்தையும் கேள். எங்கள் கணக்கில் பாதிக்கு மேல் வேறு கண்டத்து ஜனங்களை வைத்துப் போட்டது. இங்கே அது அப்படியே பொருந்தாது என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன். ஒருவனுக்கு அளவெடுத்து இன்னொருவனுக்குச் சட்டை தைத்திருக்கிறார்கள். அதற்கு மேல், ஆறு பேரில் ஒருவருக்குச் சிவப்பு வருகிற மாதிரி அவர்களாகவே ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். நீ நாற்பது சந்நியாசிகளின் எச்சிலை அனுப்பியிருந்தாலும் ஆறேழு பேருக்குச் சிவப்பு வந்திருக்கும்.

என் பெயரைப் போட அவர்களுக்கு நான் அனுமதி கொடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். இதில் ஒரு சிக்கல். அந்தக் கம்பெனி எங்கள் ஆய்வு நிறுவனத்துக்குப் புதிய இயந்திரங்கள் வாங்கித் தருவதாகப் பேச்சு. இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, “கொஞ்ச நாளைக்குச் சும்மா இருங்களேன் மேடம்” என்றார். சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதே பத்திரிகைக்கு மறுப்பு எழுதி அனுப்பியாயிற்று.

உன் அலமாரியில் குழாய் மிச்சம் இருந்தால் நீயும் துப்பி அனுப்பிப் பார். நீயும் தினமும் கார் ஓட்டுகிறவன்தானே?

அக்கா

மார்ச் 24

அக்காவுக்கு,

அனுப்பினேன். எனக்குச் சிவப்பு.

உன்னிடம் சொல்ல நாலு நாள் ஆயிற்று. இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துக் குடிக்கிறவன் நான். கல்யாண வீட்டில் ஒரு மூலையில் புட்டி திறந்தால் மறு மூலைக்குப் போய்விடுவேன். எனக்குச் சிவப்பு. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது நல்ல வார்த்தை போட்டிருக்கிறானா என்று. அவனுடைய போன் நம்பர்தான் இருந்தது.

இந்தச் சீட்டு பொய் என்றால் ஏழு பேரைக் காரணமில்லாமல் அவமானப்படுத்தியிருக்கிறேன். நிஜம் என்றால் முதலில் இறங்க வேண்டியவன் நான். எது என்று நீ சொல்லுகிறவரை, ஊருக்கு வைத்த சட்டம் எனக்கும்தான் என்று கார் சாவியைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டேன். டவுன் பஸ்ஸில்தான் ஆபீஸ் போய்வருகிறேன். கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுபிடித்து, “கம்பெனி நொடிச்சுப்போச்சா சார்?” என்று அக்கறையாகக் கேட்டார்.

சாவியை வாங்கும்போது பாப்பா சும்மா வாங்கவில்லை. “அப்ப நானும் துப்பி அனுப்பட்டுமாப்பா? உங்க ரத்தம்தானே எனக்கும்” என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். மேஜை மேல் கிடந்த குழாயைப் பிடுங்கி என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். நாளைக்கு அவளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் கையில் அப்படி ஒரு சிவப்புச் சீட்டு கிடைத்தால் என்ன ஆகும் என்று அந்த நொடியில் ஓடியது. நெட்டைக்கும் வயசுக்கு வந்த பெண் இருக்கிறாள். அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை அக்கா.

நெட்டை இப்போது நம்மிடம் இல்லை. வண்டி கழுவச் சொன்ன மூன்றாம் நாளே நின்றுவிட்டான். சிமெண்ட் கம்பெனியில் ஓட்டுகிறானாம்.

எது நிஜம், சொல்.

தம்பி

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை லிப்டில் நின்றுகொண்டே படித்து முடித்தேன். என் மாடியைத் தாண்டி மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனேன்.

கேட்டதற்குப் பதில். உன் உடம்பில் அப்பாவின் பாதி இருக்கிறது, என்னிடமும் பாதி இருக்கிறது. எந்தப் பாதி யாருக்கு என்பது குருட்டுக் குலுக்கல். உனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கலாம், அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அதை வைத்து நீ என்ன ஆவாய் என்று எழுதினார்களே, அதுதான் பொய். உனக்கு வயது நாற்பத்தாறு. நீ என்ன ஆனாய் என்று ஊருக்கே தெரியும். என்னையும் கேள். போன வருஷம் எங்கள் இயந்திரத்திலேயே என்னுடையதைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கம்பெனி கணக்குப்படி நான் பச்சை, நல்ல கிளிப்பச்சை. ஆனால் எட்டு வருஷம் விடாமல் சிகரெட் பிடித்தவள் யார்? அம்மாவிடம் போட்டுக் கொடுத்தவனே நீதானே.

உன் சிவப்பைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே பரபரப்பாக இருக்கிறது. இத்தனை வருஷமும் நான் மருத்துவமனைகளிலும் மறுவாழ்வு இல்லங்களிலும்தான் ஆட்களைத் தேடினேன். குடித்தவர்களிடமே போய் ஏன் குடித்தீர்கள் என்று கேட்டேன். எல்லாக் கணக்குப்படியும் குடித்திருக்க வேண்டியவர்கள், ஆனால் குடிக்காதவர்கள், அவர்களைத் தேடி நான் போனதே இல்லை. அவர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரப்போகிறார்கள்? லாரி ஓட்டிக்கொண்டு, வாடகை கட்டிக்கொண்டு, எங்கேயோ இருப்பார்கள். எது அவர்களைப் பிடித்து நிறுத்தியது என்று தெரிந்தால், நிற்க முடியாமல் விழுகிறவனுக்குக் கொடுக்க நம் கையில் ஏதாவது இருக்கும். அடுத்த ஐந்து வருஷத்துக்கு என் வேலை இதுதான். முடிவு பண்ணிவிட்டேன்.

அதனால் நீ ஏன் குடிக்கவில்லை என்று யோசித்து எழுது. உன் மன உறுதி என்று எழுதாதே. அப்பாவுக்கும் மன உறுதி இருந்தது, இரண்டே லாரியை வைத்துக்கொண்டு ஊரை எதிர்த்து நின்றவர் அவர்.

நெட்டையை நேரில் போய்ப் பார். ஆள் அனுப்பாதே.

அக்கா

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

மிச்சமிருந்த ஆறு பேரையும் ஷெட்டில் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டேன். எதற்கு எச்சில் எடுத்தேன் என்பது, பொய் சொன்னது, என் சீட்டு, எல்லாவற்றையும். ஒருவன், “அப்ப முதலாளியும் எங்க கட்சிதானா?” என்றான். ஆறு பேரும் அன்று மத்தியானமே வண்டி எடுத்தார்கள். எங்கள் பேரேடுகளிலிருந்த அந்தச் சீட்டுகளின் நகல்களையெல்லாம் பாப்பா அவரவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மோதிய டிரைவர் பற்றி நீ ஜனவரியில் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். இரண்டு ராத்திரி தொடர்ந்து ஓட்டியிருந்தான். ஓட்டச் சொன்னது நான். இனி அப்படிக் கிடையாது.

நெட்டையைப் பார்க்க சிமெண்ட் கம்பெனிக்குப் பஸ்ஸில் போனேன். உடம்பெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி தூசியோடு வந்தான்.

“கார் எங்க முதலாளி?” என்றான்.

“சாவியைக் கொடுத்துட்டேன். எனக்கும் சிவப்பு” என்று சீட்டை நீட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முழுக்கப் படித்தான். நான் பேச வாயெடுத்தேன். அவன் நிறுத்தினான்.

“எங்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம். வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லுங்க. இத்தனை வருஷம் என்கூட இருந்தவ முதலாளி. இந்தச் சீட்டு வந்ததுல இருந்து, நான் வாசல்ல செருப்பை விடும்போதே கிட்ட வந்து மோந்து பாக்குறா. கேட்டா அழுவுறா. என் பொண்ணு பாத்துக்கிட்டே நிக்கிறா.”

அக்கா, இந்த ஒன்றைத்தான் நான் நினைத்துப் பார்க்கவில்லை. சம்பளத்தைக் கொடுத்துவிடலாம், வண்டியைக் கொடுத்துவிடலாம். இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, ஒரே ஒரு அறை. துணி உலர்த்தின கயிற்றுக்குக் கீழே குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அவன் மனைவி நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், பிறகு சுவரோரமாக நின்றுகொண்டார். நீ எழுதியதையெல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். சந்நியாசிக் கணக்கைக்கூடச் சொன்னேன். கடைசியில், “அதுல ஒண்ணுமே இல்லைம்மா” என்றேன்.

“ஒண்ணுமே இல்லேன்னா எதுக்குக் கொடுத்தீங்க?” என்றார்.

என் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தார். திரும்பி வந்து, “உங்க வீட்டுலயும் மோந்து பாத்தாங்களா?” என்று கேட்டார்.

“பாத்தா” என்றேன்.

உண்மை அக்கா. உனக்கு நான் எழுதவில்லை. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு என் முகத்தருகே குனிந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தேன்.

அந்த அம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டிவிட்டார். “கையைக் கழுவிட்டு வா. அவரும் சாப்பிடட்டும்” என்றார். நெட்டை குழாயடியில் முகத்தைக் கழுவு கழுவு என்று கழுவினான், தண்ணீரை நிறுத்தவே இல்லை.

நம்மிடம் திரும்பி வரமாட்டான். “இங்க ராத்திரி ஓட்டம் கிடையாது முதலாளி. இங்கயே இருக்கேன்” என்று சொல்லிவிட்டான். ஆனால் உன் ஆராய்ச்சியைச் சொன்னதும், “அக்காவை வரச் சொல்லுங்க, நாம ரெண்டு பேரும் துப்புவோம். இந்தத் தடவை எதுக்குன்னு தெரிஞ்சு துப்புறோம்” என்றான்.

இனி உன் கேள்வி. இதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா செத்த வருஷம் அவர் புட்டியில் மிச்சமிருந்ததை ஒரு வாய் குடித்தேன். கசக்கும், குமட்டும் என்று நினைத்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது அக்கா. அந்த ஒரு நிமிஷம் கடன், லோடு, அம்மா அழுகை எல்லாம் நகர்ந்துபோன மாதிரி இருந்தது. பிடித்திருந்ததால்தான் பயம். புட்டியைக் கவிழ்த்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். அங்கே நெட்டை ஒரு சக்கரத்தைக் கழற்றிவைத்துக்கொண்டு, இன்னொரு ஆள் பிடித்தால்தான் மாட்ட முடியும் என்று உட்கார்ந்திருந்தான். போய்ப் பிடித்தேன். அவ்வளவுதான் என் கதை. இதில் உனக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

உன் தம்பி

ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

உண்டு. எங்கள் கேள்வித்தாளில் இல்லாத ஒரு கேள்வியை நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். முதல் வாய் உங்களுக்குப் பிடித்திருந்ததா, பிடித்திருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் எங்கே இருந்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்? என் குழுவிடம் உன் பெயரைச் சொல்லாமல் படித்துக் காட்டினேன். எங்களில் மூத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, இதை எப்படி அளப்பது என்று கேட்டார். அளப்போம் என்றேன். வழி கண்டுபிடிப்பேன், பார்.

என் மறுப்பு பத்திரிகையில் வந்துவிட்டது. கண்டுபிடிப்பு முதல் பக்கத்தில் வந்தது, மறுப்பு கோலப்போட்டி முடிவுக்குக் கீழே என்கிற மாதிரி எங்கேயோ ஒரு மூலையில். பரவாயில்லை, படிக்க வேண்டியவர்கள் படித்தார்கள். ஆய்வகம் என் பெயரை எடுத்துவிட்டது. புது இயந்திரங்கள் வரவில்லை. இயக்குநர் என்னைப் பார்த்தால் படியில் இறங்கிப் போகிறார், அவர் உடம்புக்கு நல்லது. பழைய இயந்திரமே போதும். மக்களிடம் எச்சிலும் ரத்தமும் எடுப்பதற்கு அனுமதி கொடுக்கிற குழு என் திட்டத்தை ஒரு திருத்தத்தோடு ஒப்புக்கொண்டது. கலந்துகொள்கிறவர்களின் முடிவை முதலாளி, சம்பந்தி, யார் கேட்டாலும் தரக்கூடாது என்பதுதான் அந்தத் திருத்தம். எழுதியது நான். எழுத வைத்தது நெட்டையின் மனைவி. அவரிடம் அதை நேரில் சொல்ல வேண்டும்.

உன் மனைவி குனிந்து பார்த்ததற்காக அவள் மேல் கோபத்தை வைத்துக்கொள்ளாதே. கண்ணைத் திறந்து, “என்ன?” என்று கேட்டுவிடு. அவளும் அதைச் சுமந்துகொண்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஒரு வாரம் இருப்பேன். ரெண்டு நாளில் ஓடிவிடமாட்டேன். பாப்பாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நீயே காரை ஓட்டிக்கொண்டு வா. நான் முன்சீட்டில் உன் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன்.

அக்கா